லைலின் பின்பக்கத்தில் பதினொரு ரவைகள்

1

இந்தக் கதை ஒன்பது வரிகளில் முடிந்திருக்க வேண்டியது. செவ்வாய்க்கிழமை காலை வேட்டைத் துறை அதிகாரி ஷெல்பி எங்கள் இறைச்சிக் கடைக்கு வந்து ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே 'சாட்சியின் வாக்குமூலம்' என்று இருந்தது. அதன் கீழே, 'நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று ஒரு வரி, பிறகு ஒன்பது கோடுகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி: 'சுட்டவருக்குத் தான் சுடுவது மனிதரை என்று தெரிந்திருந்ததா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சொந்த வார்த்தைகள் என்கிறார்கள். என் சொந்த வார்த்தைகள் தமிழில் இருக்கின்றன. வடக்கு டகோட்டாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊர் மொழியில் எனக்குச் சாசேஜ் விற்கத் தெரியும், பனிப்புயலைத் திட்டத் தெரியும், பொய்கூடச் சொல்லத் தெரியும். ஆனால் உண்மையை எழுது என்று ஒரு தாளை நீட்டினால் கை தானாகத் தமிழுக்குப் போய்விடுகிறது. ஆம்ப்ரோஸ் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது கோடுகளும் தீர்ந்துவிட்டன. மிச்சத்தை இறைச்சி சுற்றும் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கங்கே கொழுப்புக் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது?

'ஏப்ரல் மாதத்து விடியலில், வானை மறைத்து இறங்கிய வெண்பறவைகளைக் கண்டு என் நெஞ்சம்' — வேண்டாம். என் நெஞ்சம் அப்போது அறுவடை முடிந்த வயல் சேற்றில் குப்புறக் கிடந்தது.

'ஆம்ப்ரோஸ் ஃபைஸ்ட் தன் தங்கை கணவர் லைலைப் பின்பக்கத்தில் சுட்டார்.' உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த வரிக்குள் நீங்கள் அவரை ஜெயிலில் போட்டுவிடுவீர்கள்.

'ஆம்ப்ரோஸ் ஃபைஸ்ட் அறுநூறு துணிப்பைகளை வாத்துகள் என்று நினைத்துச் சுட்டார்.' இதுவும் உண்மையாக இருக்கலாம். இப்படி எழுதினால் ஜெயில் இல்லை. ஒரு கண் பரிசோதனை, ஒரு எச்சரிக்கை, ஒரு நாள் வகுப்பு, அத்தோடு சரி. ஆனால் ஆம்ப்ரோஸ் உயிர் இருக்கும்வரை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நிற்பது இந்த வாக்கியத்தைத்தான். அறுபத்தெட்டு வயதில், இந்த வட்டாரத்திலேயே பெரிய வேட்டைக்காரர், குச்சியில் செருகிய துணியை வாத்து என்று நம்பி ஒரு மணி நேரம் வயிற்றால் ஊர்ந்து வந்தார் என்று ஊர் சிரிப்பதைவிட, தெரிந்தே சுட்ட குற்றவாளி என்று உள்ளே போவது மேல் என்கிறார்.

கதையின் முடிச்சே இதுதான். ஆரம்பத்திலேயே அவிழ்த்துக் காட்டிவிட்டேன், நல்ல கதாசிரியன் செய்கிற காரியம் இல்லை.

(இன்னொன்று. இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் தங்கை புருஷன் தன் மைத்துனரை வெறும் 'ஆம்ப்ரோஸ்' என்று கூப்பிடுவதைத் தமிழில் எழுத எனக்குக் கை கூசுகிறது. அதனால் லைல் பேசும்போது 'மச்சான்' என்றும், ஆம்ப்ரோஸ் பேசும்போது 'மாப்ள' என்றும் போடப்போகிறேன். பொய் சாட்சி என்று யாராவது சொன்னால் இந்த அளவுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.)

3

கொஞ்சம் கட்டுரை. தாண்டிப் போகிறவர்கள் போகலாம், ஆனால் பின்னால் வந்து என்னைக் கேட்கக் கூடாது.

பனிவாத்துகள் வசந்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே, மரமே இல்லாத பனிநிலத்துக்குப் போகின்றன. போகிற வழியில் எங்கள் வயல்களில் சிந்திய தானியத்தைத் தின்று கொழுத்து, அங்கே போய்ப் பெருகி, முட்டையிடும் நிலத்தையே வேரோடு பிடுங்கித் தின்று மொட்டையாக்குகின்றன. அதனால் அரசாங்கம் வசந்தத்தில் ஒரு தனி வேட்டைப் பருவத்தைத் திறந்துவிட்டது. எத்தனை வேண்டுமானாலும் சுடுங்கள். மற்றப் பருவங்களில் கூடாத ஒலிபெருக்கியைக்கூட வைத்து வாத்துக் குரலில் கூப்பிடுங்கள். தயவுசெய்து குறைத்துக் கொடுங்கள். காப்பாற்றுவதற்காகச் சுடுவது என்று கேட்டால் சிரிப்பு வரும். அந்த மொட்டை நிலத்தின் படத்தை ஷெல்பி எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார், அதைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. எத்தனை சுட்டாலும், சுட்டதை வீணாக்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் எங்கள் டோர்வால். ஏப்ரலில் நான் காலை முதல் மாலை வரை வாத்துச் சாசேஜ் அடைக்கிறேன், வாத்து வற்றல் போடுகிறேன். மாதா கோவில் விருந்தில் ஒன்பது பாத்திரம் இருந்தால் ஒன்பதிலும் வாத்துதான். ஒன்றின்மேல் உருளைக்கிழங்கு இருக்கும், இன்னொன்றின்மேல் சீஸ் இருக்கும். வருடம் முழுக்க யாரும் காரைப் பூட்டாத ஊர் இது. ஏப்ரலில் மட்டும் பூட்டுவார்கள். பூட்டாமல் போனால் திரும்பி வரும்போது சீட்டில் ஒரு பை வாத்துக்கறி உட்கார்ந்திருக்கும். பாதிரியார் மறந்துபோய் ஒரு ஞாயிறு பூட்டாமல் விட்டார். பிரசங்கம் முடிந்து வந்து பார்த்தால் அவர் உட்கார இடம் இல்லை.

வாத்துகளோ குறைந்தபாடில்லை. நீண்ட ஆயுள் உள்ள பறவை. வயதான வாத்துக்கு ஒவ்வொரு வேட்டைக்காரனையும் அவன் வண்டியோடு அடையாளம் தெரியும் என்று ஊரில் நம்புகிறார்கள். அதனால் வேட்டைக்காரர்கள் வாத்துக் கூட்டம்போலத் தெரியட்டும் என்று வயலில் வெள்ளைத் துணிப்பைகளை நூற்றுக்கணக்கில் நட்டு, காற்றில் அவை உப்பி ஆட, நடுவே தாங்களும் வெள்ளை அங்கி போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். ஆக, ஏப்ரல் மாதத்தில் எங்கள் வயல்களில் நிஜ வாத்துகளைவிடப் பொம்மை வாத்துகள் அதிகம். நிஜ வாத்துகள் ஒரு மைல் தள்ளி இறங்கி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

4

ஆம்ப்ரோஸுக்கும் லைலுக்கும் முப்பத்தொரு வருடக் கூட்டு. லைல் துணி நடுவார், ஆம்ப்ரோஸ் வாத்துபோலக் கூப்பிடுவார். குழல் கிடையாது. இரண்டு கையையும் வாயில் குவித்து, தொண்டையிலிருந்து ஒரு கூவல். வானத்தில் போகிற கூட்டம் கழுத்தைத் திருப்பும். நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லைல் ஒரு ஒலிபெருக்கி வாங்கினார். வண்டியின் பின்னால் அதைப் பார்த்துவிட்டு ஆம்ப்ரோஸ் இது என்ன என்று கேட்டார். லைல் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்:

"ஒண்ணுமில்ல மச்சான். உங்க தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு."

ஆம்ப்ரோஸ் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு நான்கு மைல் நடந்தே வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஞாயிறு மதியச் சாப்பாடு மட்டும் இன்றுவரை லைல் வீட்டில்தான், ஏனென்றால் அது அவர் தங்கை பெர்னிஸ் வீடும்கூட. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, உப்பு வேண்டுமென்றால் பெர்னிஸிடம் சொல்லி அனுப்புவார்கள். உப்பு லைலின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

5

இனி அந்தக் காலை. போன சனிக்கிழமை.

அறுநூறு துணிகளைத் தனியாக நட முடியாது என்று லைல் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நட்டு முடித்து, வெள்ளை அங்கியோடு இருவரும் படுத்தோம். லைல் கிழக்கே தலை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டார், அதனால் மேற்கே அவருடைய பின்பக்கம் இருந்தது. நான் அவர் தலைக்கு எதிரே தலை வைத்து, மேற்கே பார்த்துப் படுத்திருந்தேன். ஒலிபெருக்கியின் பொத்தான் என் கையில். விட்டுவிட்டு அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று அசைந்து வந்தது.

[இந்த இடத்தில் நான் ஆறு வாக்கியங்களை எழுதி அடித்துவிட்டேன். ஆறும் நான் ஏன் கத்தவில்லை என்பதற்குச் சாக்குகள். ஏழாவது இது:]

நான் அவரை வாத்து என்று நினைத்தேன்.

ஷெல்பியிடம் இதைச் சொல்லவில்லை. ஆம்ப்ரோஸும் வெள்ளை அங்கிதான் போட்டிருந்தார். ஒரு வாத்து இறங்கிவிட்டது, நடந்தே வருகிறது, பெரிய சைஸ் என்று லைலின் காதில் கிசுகிசுத்தேன். அசையாதே என்றார் லைல். அசையாமல் இருந்தோம். அது ஊர்ந்து வந்து, அறுபது கெஜ தூரத்தில் நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒலிபெருக்கியைக் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும். நான் இன்னும் இரண்டு முறை பொத்தானை அழுத்தினேன், அது ஆசையாகக் கேட்கிறது என்று. பிறகு அது எழுந்தபோதுதான் அதற்கு முழங்கால்கள் இருப்பதைப் பார்த்தேன். ஒரே வெடி. துணிகளில் ஓட்டைகள், லைலின் பின்பக்கத்தில் பதினொரு இரும்பு ரவைகள்.

ஒரு மைல் தள்ளியிருந்த நிஜ வாத்துகள் எல்லாம் ஒன்றாக எழும்பி வடக்கே போயின.

6

ஷெல்பி கேட்டபோது ஆம்ப்ரோஸ் தயங்கவே இல்லை.

"தெரிஞ்சுதான் சுட்டேன். எழுதிக்கோம்மா. வாத்துன்னு நெனச்சிருந்தா இன்னும் கிட்ட போகாம, அறுபது கெஜத்துல நின்னா சுடுவேன்? நான் என்ன நேத்துப் பெஞ்ச மழைக்கு இன்னைக்கு மொளச்ச காளானா?"

ஷெல்பி நல்ல பெண். எழுதாமல் நோட்டை மூடிவிட்டார். வெள்ளிக்கிழமை வரை யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, வேறு சாட்சி உண்டா என்று தேடிக்கொண்டு என்னிடம் வந்தார்.

லைலோ மருத்துவமனையில் குப்புறப் படுத்தபடி கல்யாணக் களையோடு இருந்தார். எடுத்த ஒன்பது ரவைகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வாங்கி வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார்.

"டானி, என் துணி ஆம்ப்ரோஸையே ஏமாத்திருச்சு. ஆம்ப்ரோஸையே! இந்த ஊர்ல எவன் சொல்ல முடியும் இத?"

(என் பெயர் தணிகாசலம். இருபத்திரண்டு வருடமாக டானி. இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.)

ஆக, சுடப்பட்டவர் 'பாவம், அவருக்குத் தெரியாது' என்று சத்தியம் செய்கிறார். சுட்டவர் 'எனக்குத் தெரியும்' என்று சண்டைக்கு வருகிறார். இப்படி ஒரு வழக்கை நான் கற்பனையில் உருவாக்கியிருந்தால், நம்பும்படி இல்லை என்று நானே கிழித்துப் போட்டிருப்பேன்.

புதன்கிழமை பெர்னிஸ் கடைக்கு வந்தாள். மிச்சமிருந்த இரண்டு ரவைகளை வீட்டில் அவள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒருத்தன் ஏமாந்தேன்னு சொல்ல மாட்டேங்கறான். இன்னொருத்தன் ஏமாத்துனேன்னு சொல்லாம இருக்க மாட்டேங்கறான். நடுவுல நான் இடுக்கியோட நிக்கறேன்." கல்லாமேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "டானி, நீ போடற கட்டத்துலதான் எங்கண்ணன் வீட்ல இருக்கறதும் உள்ள போறதும் இருக்கு. ரெண்டு வருஷமா அவங்க பேசாதத நான் தாங்கிக்கிட்டேன். மேசைல அந்த நாற்காலி காலியா கெடந்தா என்னால ஆகாது. பாத்து எழுது."

போகும்போது என் வண்டியில் ஒரு பை வாத்துக்கறியை வைத்துவிட்டுப் போனாள். துக்கத்திலும் பழக்கம் விடவில்லை.

7

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அது நான்.

இந்த டானி என்கிறவன் கதையில் எதற்கு? அவனை எடுத்துவிட்டால் வெறும் வயல், இரண்டு கிழவர்கள், ஒரு வெடி. கதை சுத்தமாக இருக்கும். எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை, ஏனென்றால் அவன் ஒன்றை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறான்.

விலைக்கு வாங்கிய ஒலிபெருக்கியில் நிஜ வாத்துகளின் சத்தம் பதிந்தே வரும். சனிக்கிழமை நான் அழுத்தியது அதை அல்ல. லைல் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து என் கையில் கொடுத்திருந்தார். முதல் முறை கேட்டதுமே எனக்குத் தெரிந்தது. இரண்டு கூவல் கணீரென்று வரும். மூன்றாவதன் முடிவில் ஒரு வயதான மனிதர் மூச்சு வாங்குவது கேட்கும்.

ஆம்ப்ரோஸின் குரல். கடைசியாகச் சேர்ந்து வேட்டைக்குப் போனபோது, பக்கத்தில் படுத்துக்கொண்டே லைல் தன் போனில் பதிந்தது.

இது எந்த வாத்து என்று வயலில் லைலைக் கேட்டேன். பழைய வாத்து என்று சொல்லிவிட்டு முகத்தைச் சேற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். நேற்று அவரைப் போய்ப் பார்த்து, இதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். குப்பியைக் குலுக்குவதை நிறுத்தினார்.

"எழுதாத. ரெண்டு வருஷமா அவர் தொண்டைய வெச்சுத்தான் பொழப்பு ஓட்டறேன்னு தெரிஞ்சா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? பொட்டியோட வந்த வாத்துங்க நல்லாத்தான் கத்துது. ஆனா அத கேட்டுக்கிட்டு அங்க படுத்திருக்க முடியலப்பா."

எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

இப்போது அந்த ஒரு நிமிடத்துக்குத் திரும்பிப் போங்கள். தலையைச் சாய்த்து அவர் கேட்டாரே, அது. தன் குரல் என்று தெரியாமல், யாரோ ஒரு நல்ல வாத்து என்று கேட்டாரா? நடக்கக்கூடியதுதான், என் குரலைப் போனில் கேட்டபோது அது என் சித்தப்பா என்று நினைத்தவன் நான். இல்லை, தன் குரல்தான், திருடி வைத்திருக்கிறான், கீழே படுத்திருப்பது யார் என்று தெரிந்து...

8

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன்.

அ) வழக்கு நீதிமன்றம் போகிறது. நீதிபதியும் வேட்டைக்காரர், அவர் காரும் பூட்டாமல் இருந்திருக்கிறது. டோர்வாலின் மொத்த வாத்துக்கறியையும் ஆம்ப்ரோஸ் தனியாகத் தின்று தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் ஜெயில் கேட்டு வாங்குகிறார்.

ஆ) வாத்துகள் சாட்சி சொல்ல வருகின்றன. நியாயமாகப் பார்த்தால் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்தவை அவைதான். ஆனால் மே மாதத்துக்குள் வடக்கே போயாக வேண்டும், வாய்தாவுக்கு நிற்க மாட்டா.

இ) இருவரும் கட்டிப்பிடித்துக் கண்ணீர்...

இ-யை விட்டுவிடுகிறேன். இந்த ஊரில் ஆண்கள் கட்டிப்பிடிப்பதில்லை. சவ அடக்கத்திலேயே கைதான் குலுக்குவார்கள்.

9

வெள்ளிக்கிழமை. அதாவது இன்று.

சாசேஜ் தயார், வந்து எடுத்துப் போகவும் என்று காலையில் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். மூன்று மணிக்கு வரச் சொன்னேன், இருவரிடமும் மூன்று. சுட்டதை வீணாக்கக் கூடாது என்பதால், சண்டையே ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும். சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது.

ஆம்ப்ரோஸ் முதலில் வந்தார். பின்னாலேயே லைல், உட்கார முடியாததால் சுவரோரம் நின்றார். ஆம்ப்ரோஸ் தராசைப் பார்த்தார், லைல் சுவரில் இருந்த மொட்டை நிலத்தைப் பார்த்தார். சனிக்கிழமை கலவரத்தில் ஒலிபெருக்கி என் வண்டியிலேயே தங்கிவிட்டது. அதைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். லைல் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

அழுத்தினேன்.

கடை சின்னது, சத்தம் பெரியது. முதல் கூவல். இரண்டாவது. மூன்றாவது, அதன் முடிவில் அந்த மூச்சு. ஆம்ப்ரோஸ் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லைலின் காதுகள் சிவந்து போயின. நான் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன்.

"மூணாவதுல எனக்கு மூச்சு வாங்குது," என்றார் ஆம்ப்ரோஸ். சொல்லி அனுப்பப் பெர்னிஸ் இல்லை, என்னிடமும் சொல்லவில்லை. நேராக லைல் நின்ற சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்னார். "அத வெட்டிட்டுப் போடு, மாப்ள."

லைல் சுவரில் இருந்த படத்தை விட்டுத் திரும்பினார்.

"அது இருந்தாத்தான் நல்லாருக்கு, மச்சான்."

ஆம்ப்ரோஸ் தன் சாசேஜ் பொட்டலத்தை எடுத்தார். லைலால் குனிய முடியாது என்பதால் அவருடையதையும் எடுத்துக்கொண்டார். கதவருகே நின்று, கட்டத்தில் எது உண்மையோ அதையே போடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

(அவர் சொன்னது 'லைல்' என்றுதான். இரண்டு வருடத்தில் முதல் முறையாக. எனக்குக் கேட்டது மாப்ள.)

இங்கே கதை முடிந்திருந்தால் நான் நிம்மதியாகக் கடையைக் கழுவிவிட்டிருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடையில் தன் குரலை ஒரு கணத்தில் கண்டுகொண்ட மனிதர், வயலில் ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டும் கண்டுகொள்ளாமலா இருந்திருப்பார்? எது அவர்களைச் சேர்த்து வைத்ததோ, அதுவே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. அல்லது அந்த மூச்சு இன்றுதான் அவர் காதில் விழுந்ததோ என்னவோ. நான் அவர் முகத்தைப் பார்த்தவன்தான். ஆனால் அதை வாத்து முகம் என்று நினைத்துப் பார்த்தவன்.

மணி மூன்று ஐம்பது. பெர்னிஸ் வாசலில் வண்டியை அணைக்காமல் காத்திருக்கிறாள், படிவத்தை எடுத்துக்கொண்டு போக. ஷெல்பிக்குத் தமிழ் தெரியாது, அவர் பார்க்கப்போவது கட்டத்தை மட்டும்தான். டோர்வாலின் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் யாருக்கும் இந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. முழுதும் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நாற்காலியும் உங்களுக்குத் தெரியும், அந்த ஒரு நிமிடமும் தெரியும்.

பேனாவை உங்கள் பக்கம் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம்.

சுட்டவருக்குத் தான் சுடுவது மனிதரை என்று தெரிந்திருந்ததா?

☐ ஆம்  ☐ இல்லை